புது மாட்டு டாக்டரின் கணக்கு

மாட்டு டாக்டர் என்றால் நம்மில் பலருக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்காதவர் என்று ஒரு பேச்சு வேறு! பி.காம். படிக்கும் எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவரின் கஷ்டத்தில் பாதி, கணக்கு சம்பந்தப்பட்டது என்று தோன்றுகிறது.

நம்ம புதுச்சேரியிலேயே குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. படிப்பு மொத்தம் ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. அதுவரை பக்கத்தில் பேராசிரியர் இருப்பார். பட்டம் வாங்கி கிராமத்துக்குப் போனபிறகு, அவரும் மாடும்தான்...

ஒரு உதாரணம் சொல்கிறேன். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு, கன்று போட்ட ஓரிரு நாளில் எழ முடியாமல் படுத்துவிடும். இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சில்லிட்டுத்தான் கிடக்கும். பால் சுரக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் கால்சியம் குறைவதுதான் காரணம். கால்சியத்தை நரம்பில் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்திலேயே எழுந்து நின்றுவிடும். ஆனால் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம்! சுற்றி நிற்பவர்களோ "சீக்கிரம் ஏத்துங்க தம்பி" என்பார்கள். "பெரிய டாக்டர் வரலையா?" என்று ஒருவர் கேட்பார். நோயாளிக்கோ வாய் இல்லை.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. "எவ்வளவு செலவாகும் சார்? பிழைக்குமா, இல்ல வித்துடலாமா?"

எங்கள் பாடத்தில் கறவை மாடு ஒரு சொத்து. நஷ்டம் என்று ஒரு வரி எழுதினால் கணக்கு முடிந்தது. ஆனால் ஒரே ஒரு மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டில், முதலும் அதுதான், வருமானமும் அதுதான். நம்பிக்கை கொடுத்தால் கடன் வாங்கி வைத்தியம் பார்ப்பார்கள். மாடு போய்விட்டால் கடன் மட்டும் மிஞ்சும். "வித்துடுங்க" என்றால், பிழைத்திருக்கக்கூடிய மாடு அடிமாடாகப் போகும். இரண்டில் எதைச் சொல்வது என்று இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒருவர் அங்கேயே முடிவு செய்ய வேண்டும்.

அதனால் ஒரு புது டாக்டர், "சீனியரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். தப்பாகச் சொன்னால் அந்த வீட்டுக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததால்தான் கேட்கிறார். காலையில் பாண்லே பாலில் காபி குடிக்கும் நாம், அவருக்கு அந்தப் பத்து நிமிடத்தையாவது கொடுக்கலாமே!