முப்பத்தாறு வயசுல ஒண்ணாங்கிளாஸ்

சென்னை வேலை போயி, மரக்காணம் வந்து அப்பாகூட உப்பளத்துல இறங்கி மூணு வாரமாச்சு மக்களே. உப்பு வாரப் பலகையை இழுத்தா, உப்பு வர்றதுக்கு முன்னாடி நான் சறுக்கி விழறேன். பக்கத்துப் பாத்திப் பசங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு :-)

ராத்திரி கால்வலியோட தைசுகே தகாஹாஷி வீடியோ பார்த்தேன். ஜப்பான்காரர். 2008ல் முழங்கால் தசைநார் கிழிஞ்சும், 2010ல் வான்கூவர் ஒலிம்பிக் வெண்கலம், அதே வருஷம் உலக சாம்பியன். எல்லாம் தனி ஆட்டத்துல. மனுஷன் சும்மா இருந்தாரா? 2020ல், 33 வயசுல, ஐஸ் டான்ஸ் கத்துக்கப் போனார். அங்கே அவரோட மூணு சுத்துத் தாவலுக்கெல்லாம் வேலையே இல்லை. ஜோடியை ஒட்டியே ஆடணும், தூக்கணும். ஜோடி கனா முராமோட்டோ ஏற்கெனவே 2018 ஒலிம்பிக்ல ஐஸ் டான்ஸ் ஆடினவர். உலக சாம்பியன்தான் கத்துக்குட்டி!

பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இடம் கிடைக்கலை. 2022 டிசம்பர்ல ஜப்பான் சாம்பியன். 2023 உலகப் போட்டியில 11வது இடம், மே மாசம் ஓய்வு. எனக்கென்னவோ அந்த வெண்கலத்தைவிட இந்தப் பதினொண்ணுதான் பெருசாத் தெரியுது.

அப்பா எட்டிப் பார்த்தார். "அவன் காலைப் பாக்கறானா பாரு. நீ காலையே பாத்துக்கினு நடக்கற, அதான் சறுக்குது."

விடியக்காலம் நாலு மணிக்கு எழுப்பிடுவார். தூங்கப் போறேன்.