வண்ணத்துப்பூச்சித் தீவில் மூன்று நாள் கார் பயணம்

கரீபியன் கடலின் வரைபடத்தில் குவாதலூப்பைத் தேடினால், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி ஒன்று கண்ணில் படும். இடது சிறகின் பெயர் பாஸ்-தேர். வலது சிறகின் பெயர் கிராந்த்-தேர். நடுவில் உப்பாறு என்ற பெயருடைய ஒரு குறுகிய கால்வாய். அதன்மேல் இரண்டு பாலங்கள். இவ்வளவுதான் இந்தப் பிரெஞ்சுத் தீவு.

பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ்-தேர் என்றால் 'கீழ் நிலம்'. ஆனால் மலையும் எரிமலையும் அங்கேதான் இருக்கின்றன. கிராந்த்-தேர் என்றால் 'பெரிய நிலம்'. அதுவோ அளவில் சிறியது, சுண்ணாம்புக் கல்லாலான தாழ்ந்த சமவெளி. பாய்மரக் காலத்து மாலுமிகளுக்குக் காற்று வரும் திசை 'மேல்', காற்றுக்கு மறைவான திசை 'கீழ்'. அந்தக் கணக்கில் வைத்த பெயர் இது.

அந்தக் காற்றுக் கணக்கு இன்று கார் ஓட்டுபவருக்கும் உதவும். கிழக்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி மழையைக் கொட்டுகிறது. அதனால் கிழக்குச் சரிவு எப்போதும் பச்சை. மேற்குக் கரையில் மழை குறைவு, கடலும் அமைதி. மலையுச்சி பெரும்பாலும் விடியற்காலையில்தான் முகம் காட்டும். வெயில் ஏற ஏற மேகம் மூடிவிடும். எனவே கிழக்குக் கரைக்குக் காலை, மேற்குக் கரைக்கு மாலை, எரிமலைக்கு விடியல் என்று திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது.

மலைச் சிறகை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 150 கிலோமீட்டர். 'இவ்வளவுதானே, ஒரே நாளில் முடித்துவிடலாம்' என்று பலர் கிளம்புகிறார்கள். முடிக்கவும் முடியும். ஆனால், சாலையோரம் வெள்ளை நிறத்தில் நிற்கும் ஒரு கோயிலை அவர்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ போகிறவர்கள் அப்படிக் கடந்துபோகக் கூடாத இடம் அது.

கிளம்பும் முன்

பாரிஸிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் விமானப் பயணம். பணம் யூரோதான். ஆனால், பிரான்ஸுக்காக வாங்கிய ஷெங்கன் விசா மட்டும் இருந்தால் இங்கே நுழைய முடியாது. குவாதலூப் ஷெங்கன் பகுதிக்குள் வராது. பிரான்ஸின் கடல் கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்ற குறிப்புடன் விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

டிசம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைந்த காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். சாலைகள் நன்றாக இருக்கும். வண்டி ஓட்டுவது வலது பக்கம், ஸ்டியரிங் இடது பக்கம். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கே முன்னுரிமை. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டை ஊரிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. கியர் மாற்ற வேண்டாத வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

எங்கும் பிரெஞ்சும் கிரியோலும்தான் பேச்சு. 'போன்ஜூர்' சொல்லாமல் எதையும் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும். முன்பின் தெரியாத மலைச்சாலையில் இருட்டிய பிறகு ஓட்டாதபடி நாளை வகுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கிழக்குக் கரை

விமான நிலையம் இருப்பது புவாந்த்-அ-பீத்ர் நகரத்துக்குப் பக்கத்தில். காலை நேரத்தில் நகரத்தை நோக்கி வரும் சாலைகளில் நெரிசல் அதிகம். தெற்கே கப்பெஸ்தேர் நோக்கிக் கிளம்பினால் வண்டி நகரும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மேகம் கவிந்த மலை, இடையில் வாழைத் தோட்டங்கள்.

வழியில் சேன்ட்-மரி என்ற சிற்றூர். 1493 நவம்பரில் கொலம்பஸ் கரையிறங்கியதாகச் சொல்லப்படும் இடம். ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஸ்பெயினில் உள்ள ஒரு மடாலயத்தின் பெயரை அவர் இந்தத் தீவுக்கு வைத்தார். அதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள் சொன்ன பெயர் கருகேரா. 'அழகிய நீர்களின் தீவு' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஷாங்ஜி. நெடுஞ்சாலையை ஒட்டியே அந்த வெள்ளைக் கோயில், வண்ணம் தீட்டிய சுதைச் சிற்பங்களோடு. வண்டியை நிறுத்துங்கள்.

சாலையோரத்து மாரியம்மன்

பிரெஞ்சுத் தீவுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் பக்கம் திரும்பியது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களோடு குவாதலூப்பை அடைந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில், 1889 வரை, சுமார் 42 ஆயிரம் பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்பது பேச்சு. திரும்பியவர்கள் ஒரு சிறு பகுதியினரே. மற்றவர்களில் பலர் நோயிலும் உழைப்பிலும் மாண்டார்கள். மீந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள்.

அவர்கள் பேசிய தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. பிள்ளைகள் கிரியோலில் வளர்ந்தார்கள், பிரெஞ்சில் படித்தார்கள், பலர் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஞானஸ்நானமும் பெற்றார்கள். ஆனால் அம்மனை விடவில்லை. மாரியம்மன் இங்கே 'மலியெமேன்'. மதுரை வீரன் 'மல்தேவிலேன்'. நாகூர் ஆண்டவருக்கும் இடம் உண்டு. 'நாகூர்மிரா' என்ற பெயரில் அவருக்குக் கொடி ஏற்றுகிறார்கள். கடலில் போகிறவர்களைக் காப்பவர் என்று நாகப்பட்டினக் கரையில் நம்பப்படுபவர் அவர். மாதக்கணக்கில் கப்பலில் வந்தவர்கள் அவரை மறக்காததில் வியப்பில்லை.

கோயிலில் சடங்கு நடக்கும் நாளில், தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட்டுகள் ஒலிக்கும். பாடுகிறவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆட்டுக்கிடா வெட்டுவதும் உண்டு. பிறகு வந்தவர்கள் அனைவருக்கும் வாழை இலையில் சோறும் 'கொலொம்போ'வும். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, மிளகு சேர்ந்த மசாலாப் பொடிக்கும் அதில் செய்த குழம்புக்கும் அதுவே பெயர். இன்று அது இந்திய வம்சாவளியினரின் உணவு மட்டுமல்ல, தீவு முழுவதற்குமான உணவு. எந்தச் சிற்றூர் உணவகத்திலும் கோழி கொலொம்போவோ ஆட்டுக்கறி கொலொம்போவோ கிடைக்கும்.

கோயில் பூட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்க்கலாம். திறந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். பூசை நடக்கும்போது அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். இது சுற்றுலாவுக்காகக் கட்டிய இடம் அல்ல.

கப்பெஸ்தேர் ஊருக்குள் இன்னொரு பெயரைக் கேட்பீர்கள்: ஆன்ரி சிதாம்பரோம். 1863-இல் இதே ஊரில் ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளையாகப் பிறந்தவர். சிதம்பரம் என்ற பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் அப்படி ஆயிற்று. இங்கே பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்று அரசு சொன்னபோது, 1904-இல் அவர் வழக்காடத் தொடங்கினார். 1923-இல்தான் முடிவு கிடைத்தது, அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று. பத்தொன்பது ஆண்டுகள்!

அருவிக்கு ஒரு மதியம்

ஊரை ஒட்டி அல்லே தியூமனுவார் என்ற சாலை. இருபுறமும் அரசப் பனைகள் வரிசையாக, ஒரு கிலோமீட்டருக்குமேல் நிற்கின்றன. மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

அதைத் தாண்டி மலைப்பக்கம் ஒரு கிளைச்சாலை கார்பே அருவிகளுக்கு ஏறுகிறது. மொத்தம் மூன்று அருவிகள். குடும்பத்தோடு பார்க்க ஏற்றது இரண்டாவது. 110 மீட்டர் உயரம், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருபது நிமிடக் காட்டு நடை. 2004 நவம்பரில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறை சரியும் ஆபத்து இருப்பதால், பார்வை மேடையிலிருந்தே பார்க்க வேண்டும். மலையில் மழை பெய்தால் ஆற்று நீர் சட்டென்று ஏறும். வானம் கறுத்தால் நீரில் இறங்காதீர்கள். இரவுத் தங்கல் துருவா-ரிவியேரிலோ சேன்-குளோதிலோ இருக்கட்டும். மறுநாள் விடியலில் எரிமலை பக்கத்திலேயே இருக்கும்.

இரண்டாம் நாள்: எரிமலையும் மேற்குக் கரையும்

லா சூஃப்ரியேர், 1,467 மீட்டர். சிறிய ஆன்டிலிஸ் தீவுகளில் இதைவிட உயரமான சிகரம் இல்லை. 1976-இல் இது சீறத் தொடங்கியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். பயந்ததுபோல் பெருவெடிப்பு நிகழவில்லை. இன்றும் உச்சியில் கந்தக ஆவி வருகிறது, விஞ்ஞானிகள் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சேன்-குளோத் வழியாகக் காரில் பேன்-ஜோன் வரை போகலாம். அங்கே வெந்நீர் ஊற்றுக் குளம் ஒன்று உண்டு. மேலே ஏறி இறங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சிறு குழந்தைகளும் முதியவர்களும் குளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவே போதுமான சுகம்.

இறங்கும் வழியில் மத்தூபா. அடிமை முறையை மீண்டும் கொண்டுவர நெப்போலியன் அனுப்பிய படையை எதிர்த்த லூயி தெல்கிரேஸ், 1802 மே 28 அன்று சரணடைய மறுத்து, முந்நூறு பேரோடு இங்கே வெடிமருந்தில் தன்னை மாய்த்துக்கொண்டார். தீவின் தலைநகரான பாஸ்-தேரிலுள்ள பழைய கோட்டை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிறகு மேற்குக் கரை. வளைவுக்கு ஒரு கடற்கரை, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். தெற்கில் எரிமலைக் கரிமணல், வடக்கே போகப் போகப் பொன்னிறம். மலாந்தூரில் மதிய உணவுக்கு நிறுத்தலாம். எதிரே இருக்கும் புறாத் தீவைச் சுற்றிப் பவளப்பாறைகளும் மீன்களும் நிறைந்த பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி. அடித்தளம் கண்ணாடியாலான படகில் போனால் நீச்சல் தெரியாதவர்களும் பார்க்கலாம். மாலைக்குள் தெயே சேர்ந்துவிட்டால், அருகிலுள்ள கிராந்த்-ஆன்ஸ் கடற்கரையில் சூரியன் நேராகக் கடலில் இறங்குவதைக் காணலாம்.

மூன்றாம் நாள்: காடு தாண்டிக் கரும்பு நிலம்

காலையில் கொஞ்ச தூரம் தெற்கே திரும்பி வந்தால், மலைச் சிறகைக் குறுக்கே வெட்டும் 'திரவெர்சே' சாலை. 1989-இல் அமைந்த தேசியப் பூங்காவின் மழைக்காட்டுக்குள் சுமார் 17 கிலோமீட்டர். பெரணி மரங்கள் சாலையை மூடி நிற்கும். நன்னீர் இறால் அருவி என்ற சிற்றருவிக்குச் சில நிமிட நடைதான். தாத்தா பாட்டியும் போகலாம். கூட்டம் சேர்வதற்குமுன் போய்விடுவது நல்லது.

பாலம் தாண்டினால் நிலமே மாறிவிடும். மலை இல்லை, காடு இல்லை, காற்றில் அசையும் கரும்பு. பிப்ரவரிக்குப் பிறகு போனால் வெட்டு நடப்பதையும், கரும்பு ஏற்றிய வண்டிகள் சாலையில் ஊர்வதையும் பார்க்கலாம். கப்பலில் வந்தவர்கள் குனிந்து நிமிர்ந்த வயல்கள் இவை. சேன்-பிரான்சுவா பகுதியில் இன்றும் இந்திய வம்சாவளியினர் நிறைய. இந்த ஊரின் மேயராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர் எர்னஸ்ட் மூத்துசாமி. முன்பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் நம் முத்துசாமி. கப்பலேறி வந்த ஒருவரின் ஒற்றைப் பெயர் இப்படித்தான் வம்சத்தின் பெயராக நிலைத்தது. ஊர் எது, உறவு யார் என்பதெல்லாம் பல குடும்பங்களில் மறந்தேபோனது.

கிழக்கு முனையில் புவாந்த் தே ஷாத்தோ. இரு கடல்கள் மோதும் பாறைமுனை, குன்றின்மேல் ஒரு சிலுவை. ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. திரும்பும்போது மோர்ன்-அ-லோவில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் போட்ட கல்லறைகள் நிறைந்த இடுகாடு இருக்கிறது. சாலையிலிருந்தே தெரியும்.

கிளம்பும் நாளில் அரை நாள் மிஞ்சினால், புவாந்த்-அ-பீத்ர் துறைமுகக் கரையிலுள்ள 'மெமோரியல் ஆக்த்' அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் இடம். பழைய தார்பூசியே சர்க்கரை ஆலை நின்ற மண்ணில் 2015-இல் திறக்கப்பட்டது. வெளியே வந்து தண்ணீர் ஓரம் நின்றால், 'ஒரேலி' வந்த கடல் எதிரே விரியும்.

ஊர் திரும்பும் பையில் ஒரு பொட்டலம் கொலொம்போப் பொடிக்கு இடம் வையுங்கள். வீட்டில் குழம்பு வைத்தால், ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிப் போன வாசனை வேறொரு பெயரோடு அடுக்களைக்குத் திரும்பும்.