வலக்காலில் கியர்

அப்பச்சி காலமாகி இரண்டாண்டுகள் ஆகியும் அவருடைய புல்லட் முகப்பிலேயே நின்றுகொண்டிருந்தது. பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து சில படிகள் ஏறித்தான் முகப்பை அடைய முடியும். அப்படிகளின் மீது ஒரு தேக்குப் பலகையைச் சாய்த்து, முதல் கியரில் வண்டியை மெல்ல உறுமவிட்டு, கூடவே நடந்து மேலே ஏற்றிவிடுவார் அவர். அவருக்குப் பின் அதை இறக்குவாரும் இல்லை, ஏற்றுவாரும் இல்லை. வாரத்துக்கொரு முறை ஆத்தா துடைத்து வைப்பார்.

2005ஆம் ஆண்டு எங்களுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. எங்களுக்கு என்றால் ஆச்சிக்கும் தங்கைக்கும். (செட்டிநாட்டில் மூத்த சகோதரியை ஆச்சி என்றே அழைப்போம்.) மூத்தவள் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த சிற்றூருக்குக் காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒன்று. இளையவளுக்குக் காரைக்குடியில் கணக்கெழுதும் வேலை. முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். இருவருக்கும் சேர்த்து ஒரு வண்டிக்கு மேல் வாங்க வழியில்லை. அதற்கும் புல்லட்டை விற்றாக வேண்டும்.

அம்மான் ஸ்கூட்டி வாங்கச் சொன்னார். உறவினர் அனைவரும் அதையே சொன்னார்கள். பெண்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி என்பது அவர்களுடைய வாதம். ஸ்கூட்டியின் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பள்ளிக்குச் செல்லும் பாதையில் பாதி சரளை. மழை பெய்தால் செம்மண் குழம்பாகிவிடும். சின்னச் சக்கரம் விழுந்தெழ வேண்டிய குழியைப் பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும். உரிமத்திலும் இரண்டு வகை உண்டு, கியர் உள்ள வண்டிக்கு ஒன்று, கியர் இல்லாததற்கு ஒன்று. எப்படியும் பழகப்போகிறோம், பெரியதையே பழகிவிடலாமே என்று நினைத்தோம்.

இந்த நினைப்புக்கு ஒரு முன்கதை உண்டு. எங்கள் ஊரை அடுத்தாற்போல் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதிய அளவில் கிடைக்காததால் பலர் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள் என்பதும், முன்புறக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பினார்கள் என்பதும் அவர் எழுத்திலிருந்து நாங்கள் பின்னாளில் அறிந்தவை. சிறுமிகளான எங்களுக்கும் அந்தக் காற்று வீசியது. அப்பச்சியின் ஹெர்குலிஸ் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்தே பழகினோம். அந்த ஹெர்குலிஸைச் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை 1949இல் சென்னையில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தாருக்குப் பூர்வீகம் பள்ளத்தூர்தான். ஊர்ப்பெருமை பேச வேறு வாய்ப்பு வாராது என்பதால் இதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

விற்பதற்கு முன் ஒருமுறையேனும் புல்லட்டை ஓட்டிப் பார்ப்பது என்று எங்களுக்குள் முடிவாயிற்று. விற்க வேண்டாம், அதிலேயே பழகிவிடலாம் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்ததை மறைப்பதற்கில்லை. அதைக் கிளப்புவதே தனிக் கலை. சாவியைத் திருப்பி, உதைகோலை மெல்ல அழுத்தி, ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு இடப்பக்கத்துச் சிறு நெம்பைப் பிடித்து அழுத்தக் காற்றை வெளியேற்றி, உதைகோலை இன்னும் சற்றே கீழே இறக்கி, நெம்பை விட்டுவிட்டு ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். தப்பினால் அது திருப்பி உதைக்கும். அப்பச்சி செய்வதைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு இது மனப்பாடம். நான்காவது உதையில் கிளம்பிவிட்டது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அந்தக் காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். மற்ற வண்டிகளில் இதற்கு நேர்மாறு. ஒரு வாரமாகத் தெரிந்தவர் ஒருவரின் வண்டியில் இடக்கால் கியரைப் பழகியிருந்தாள் மூத்தவள். கண்மாய்க் கரையோரம் ஒரு வெள்ளாடு குறுக்கே வந்தது. பிரேக் என்று நினைத்து வலக்காலை அழுத்தினாள். பிரேக்குக்குப் பதில் கியர் விழுந்தது. ஆடு தப்பியது. வண்டி சரிவில் சாய்ந்து அவள் காலின் மேல் கிடந்தது. 170 கிலோ அளவு எடையுள்ள அதைத் தூக்க, பின்னால் ஓடிவந்த இளையவள் ஒருத்தியால் ஆகவில்லை. வயலில் நின்ற இருவர் வந்து தூக்கும்வரை அவள் அதன் அடியில்தான் கிடந்தாள். எலும்பு முறியவில்லை. சைலன்ஸர் சுட்ட தழும்பு கெண்டைக்காலில் இன்றும் இருக்கிறது.

வண்டியைச் சரிபார்க்க வந்த மெக்கானிக் அதிகம் பேசாதவர். வளைந்த கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்: "ஆச்சி, ஓட்டிப் பாத்து வண்டி வாங்காதீக. கீழ சாச்சுப் போட்டுத் தனியாத் தூக்கிப் பாருங்க. தூக்க முடிஞ்சா வாங்குங்க."

நாங்கள் கேட்ட ஆலோசனைகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான். மற்றவர்கள் மைலேஜ் சொன்னார்கள், நிறம் சொன்னார்கள், மறுவிற்பனை மதிப்பு சொன்னார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விலைக்கு வந்திருந்த ஒரு பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரைக் கோணிச்சாக்கு விரித்து அதன்மேல் படுக்கவைத்தோம். உரிமையாளர் பதறிப்போனார். ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் பின்கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் முழங்காலால் எழும்பித் தூக்க வேண்டும். சுமார் 110 கிலோ. மூத்தவள் தூக்கினாள். பிறகு இளையவளும் தூக்கினாள். உட்கார்ந்தால் இருவருக்குமே இரண்டு பாதங்களும் தரையில் படிந்தன. 97 சி.சி. எஞ்சின், இடக்காலில் நான்கு கியர், எந்த ஊர்ப் பட்டறையிலும் கிடைக்கும் பாகங்கள். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. பணத்துக்கு ஒரு மாதத் தவணை தந்தார் உரிமையாளர், எங்கள்மேல் இருந்த நம்பிக்கையைவிட மெக்கானிக் மேல் இருந்த நம்பிக்கையால்.

பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்கு. முப்பது நாள் கழிந்த பிறகே தேர்வு. இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. பழகுநர் இருசக்கர வண்டி ஓட்டும்போது கற்றுத்தருபவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எங்கும் சேர்ந்தே போய்ப் பழகிய எங்களில் ஒருத்தி ஓட்ட, மற்றவள் சைக்கிளில் பின்தொடர்ந்தாள். தலைக்கவசம் கட்டாயமில்லாத காலம். தமிழ்நாட்டில் 2007இல்தான் கட்டாயமாக்கினார்கள். ஆயினும் தழும்பைப் பார்த்த ஆத்தா ஒன்று வாங்கித்தந்தார். அதையும் முறைவைத்துப் போட்டுக்கொண்டோம். எட்டுப் போடும் தேர்வில் இளையவள் முதல்முறையிலேயே தேறினாள். மூத்தவள் கால் ஊன்றிவிட்டதால் மீண்டும் ஒருமுறை போக வேண்டியதாயிற்று.

புல்லட்டை வாங்க ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பினார், ஆம்மீட்டரைப் பார்த்தார், நெம்பைப் பிடித்தார், ஒரே உதை. பல நாளாகக் கேட்காதிருந்த அந்தச் சத்தம் தெருவின் நீண்ட சுவர்களில் மோதித் திரும்பியபோது ஆத்தா அடுக்களையிலிருந்து முகப்புக்கு வந்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை தூணருகே நின்றார். பிறகு, படியில் சாய்த்திருந்த பலகையை நாங்கள் எடுக்கப்போக, "அங்கனயே கிடக்கட்டும்" என்றார். "உங்க வண்டியவும் ஏத்தணும்ல."