தாத்தாவின் கை



யாக்கோபு 147 ஆண்டுகள் வாழ்ந்தார். பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் லாபானிடத்தில் 20 ஆண்டுகள் உழைத்தார். ஆயினும் எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரம் அவருக்கென்று ஒதுக்கும் ஒரே வசனம், மரணகாலத்தில் அவர் யோசேப்பின் குமாரர் இருவரையும் ஆசீர்வதித்ததைப் பற்றியது. மந்தையின் கணக்கு அங்கே இல்லை.

என் தகப்பனாரை நினைக்கும்போது இவ்வசனம் என்னை நிறுத்துகிறது. அவர் தேரிக்காட்டுப் பனையேறி. பாளையை நாள்தோறும் சீவாவிட்டால் பதநீர் சுரக்காது. பாளைக்கு ஞாயிறு தெரியாது. ஓய்வுநாளில் மரமேறலாமா என்று சபையில் சிலர் கேட்டதுண்டு. அவர் வாதாடவில்லை. ஞாயிறுதோறும் இருட்டிலேயே ஏறி, சுண்ணாம்பு பூசிய கலயங்களிலிருந்து பதநீரை இறக்கி, குளித்து, முதல் மணிக்கு முன்பே ஆலயத்தில் இருப்பார். கேட்டவர்களோ பெரும்பாலும் இரண்டாம் மணிக்குப் பிறகே வருவார்கள்!

மரம் உராய்ந்து அவருடைய மார்பும் கைகளும் காய்த்திருந்தன. முதுமையில், யாக்கோபைப் போலவே கண் மங்கியபின், "யாரது?" என்று கேட்டே பேரப்பிள்ளைகளை அருகில் அழைப்பார். தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். "தாத்தா, கை குத்துது" என்பாள் என் இளைய மகள். ஆனால் ஒருநாளும் தலையை விலக்கியதில்லை.

அடக்க ஆராதனையில் அவர் ஏறிய மரங்களையும் எங்களைப் படிக்கவைத்த பாட்டையும் சொல்லவே குறிப்பெடுத்திருந்தேன். எனக்கு முன்பாக என் மகள் எழுந்தாள். அந்தக் கையைப் பற்றி மட்டும் பேசினாள். நான் குறிப்பை மடித்து வேதாகமத்திற்குள் வைத்துவிட்டேன்.