யார் பக்கம் நிக்கிறது?

திருவனந்தபுரம் ஏர்போர்ட் பக்கத்துல, சங்குமுகம் ரோட்ல போகும்போதெல்லாம் 2024 மே மாசம் ஞாபகம் வருது.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் கூட்டமா சிக் லீவ் போட்டாங்க.
மஸ்கட் ஆஸ்பத்திரியில கணவர்.
இங்க திருவனந்தபுரத்துல டிக்கெட்டோட மனைவி.
விமானம் ரத்து.
சில நாள்ல அவர் இறந்துட்டார். கடைசியா ஒருதரம் பாக்கக்கூட முடியல.
இன்னும் ஆறல எனக்கு.

ஆனா ஊழியர்களோட குறையும் நிஜம்தான்.
வேலையைவிட்டுத் தூக்கின 25 பேரையும் பேச்சுவார்த்தைக்கு அப்புறம் திரும்ப எடுத்தாங்க. சந்தோஷப்பட்டேன்.
அவங்க சங்கம், பாஜகவோட அதே சங்கப் பரிவாரத்தைச் சேர்ந்த பி.எம்.எஸ். தொழிற்சங்கத்தோட சார்பு; அப்போ மத்தியில பாஜக ஆட்சி.

2012ல, காங்கிரஸ் ஆட்சியில, 58 நாள் ஸ்டிரைக் பண்ணின ஏர் இந்தியா பைலட்டுகளோட சங்கம் அங்கீகாரத்தையே இழந்துச்சு.

கொடியைப் பாத்துதான் கதவு திறக்குதா?

பைலட்டுக்குச் சங்கம் இருக்கு, கேபின் ஊழியருக்கு இருக்கு.
வளைகுடாவுக்குப் போற நம்ம சனத்துக்காக பேச்சுவார்த்தை மேசையில யார் உக்காருவாங்க?