டோனாவூரில் பெயரில்லாத கல்லறை

கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் நாகர்கோவிலைக் கடந்து, ஆரல்வாய்மொழிப் பக்கம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தபடியே போனால் வள்ளியூர் வந்துவிடும். நெடுஞ்சாலையை விட்டு மலையை நோக்கித் திரும்பினால் சிறிது நேரத்தில் டோனாவூர். திருநெல்வேலிச் சீமையில் இப்படியும் ஒரு பெயரா என்று வியக்க வேண்டாம். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கிராமம் அமையப் பண உதவி செய்த டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர் அது.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. கிள்ளானில் எங்கள் சபையின் இளைஞர் பிரிவை நடத்துகிறேன். வாரத்தில் நான்கு மாலைகள் கூட்டம், ஜெபம், பாட்டுப் பயிற்சி என்று போய்விடும். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா என்று ஓராண்டாக யோசனை. இது கடவுளின் அழைப்பா, மேடையில் நிற்கும் ஆசையா என்றுதான் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னபோது அவர் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். "போறதுன்னா போ தம்பி. அதுக்கு முன்னாடி டோனாவூருக்கு ஒரு தடவ போய்ட்டு வா. பாட்டி அந்த அம்மாவப் பத்தி எவ்வளவு சொல்லியிருக்காங்க" என்றார். எங்கள் பாட்டி நெல்லையிலிருந்து வந்தவர்.

அந்த அம்மாதான் ஏமி கார்மைக்கேல். 1867இல் அயர்லாந்தின் வடக்கே ஒரு கடலோரக் கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் தம் பழுப்புக் கண்கள் பிடிக்காமல், நீலக் கண்கள் வேண்டுமென்று ஜெபித்தாராம். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்பு! பின்னாளில் சேலை கட்டி, தோலுக்குச் சாயம் பூசி நம் பெண்களோடு பெண்ணாக நடமாடியபோதுதான் அந்தக் கண்களின் அருமை புரிந்தது என்பார்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை.

வந்தபோது அவர் நினைத்திருந்த ஊழியம் வேறு. தமிழ் கற்று, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி பிரீனா தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் போராடி, சென்னை மாகாணத்தில் சட்டம் முழுமையாக வந்தது 1947இல்தான். அதற்குள் பிரீனாவைத் தொடர்ந்து எத்தனையோ பிள்ளைகள், கைக்குழந்தைகள் உட்பட, ஏமியிடம் வந்துவிட்டார்கள்.

பிரசங்கப் பயணங்கள் நின்றன. பால் காய்ச்சுவது, துணி அலசுவது, இரவெல்லாம் விழித்திருப்பது என்று நாள்கள் போயின. ஆயா வேலை எப்படி ஊழியமாகும் என்று உடனிருந்த மிஷனரிகளே குறைசொன்னார்கள். அந்தக் கேள்வி ஏமிக்குள்ளும் இருந்தது. சீடர்களின் கால்களைக் கழுவ இடுப்பில் துண்டு கட்டிக்கொண்ட இயேசுவை நினைத்தபோது அவருக்குப் பதில் கிடைத்தது. அவருக்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. நெய்யூரில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் குழந்தைகள் இல்லத்தைக் கவனித்துக்கொண்டவர் இவர்.

டோனாவூர் வளாகம் சுற்றுலாத் தலமல்ல. முன்கூட்டியே கேட்டு, அனுமதி பெற்றே போக வேண்டும். மரங்களுக்கிடையே சிவப்பு ஓட்டுக் கூரைகள். நடுவே 1927இல் கட்டப்பட்ட ஜெப வீடு. ஏமியின் காலத்தில் ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது; யாரிடமும் பணம் கேட்பதும் கிடையாது. பெண் ஊழியர்களைப் பிள்ளைகள் 'சித்தி' என்றும் ஆண்களை 'அண்ணாச்சி' என்றும் அழைத்தார்கள்.

வயதான சித்தி ஒருவர் என்னை ஏமியின் அறைக்கு அழைத்துப் போனார். 1931இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் குழிக்குள் விழுந்து ஏமிக்குக் கால் முறிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் அந்த அறைக்குள்தான். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார்.

"சித்தி, உங்களுக்கு அழைப்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "அழைப்பா? ஒரு ராத்திரி ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்துல நான்தான் இருந்தேன், எந்திச்சுப் போனேன். அப்புறம் போய்க்கிட்டேதான் இருக்கேன் தம்பி."

கடைசியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று ஏமி சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் ஏமியின் பெயர் இல்லை. தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் செதுக்கியிருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது, மூன்று ஆண்டுகளில் ஓர் இரவுகூட நான் அம்மாவுக்காக எழுந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பி மூன்று மாதமாகிறது. வேலையை விடவில்லை, எனக்கு அழைப்பு இல்லை என்று முடிவுகட்டவும் இல்லை. இப்போது செவ்வாயும் வியாழனும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் முறை. முதல் நாள் டயப்பர் மாற்றத் தெரியாமல் தடுமாறினேன். அக்கா வாசலில் நின்றபடி சொல்லிக்கொடுத்துவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பினார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் போகிறார். என்னைவிட அக்காவுக்குத்தான் நல்ல குரல் என்று இப்போது சபையில் எல்லாரும் சொல்கிறார்கள்.