முடிவு வரைக்கும் கேள்

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள கயல்,

காய்ச்சல் விட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். படுத்திருந்த நாட்களில் நான் அனுப்பிய பாட்டுகளைக் கேட்டாய் என்றதும் சந்தோஷம். ஆனால், "ஆறு நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை மாமா, இருபத்துமூன்று நிமிஷம் யார் உட்காருவது?" என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1970களின் பிராக் ராக் (புரோகிரெசிவ் ராக்) பாட்டுகளை நீ தொடக்கத்தை வைத்து எடைபோடுகிறாய். அவற்றின் சொத்தெல்லாம் கடைசியில் இருக்கிறது.

வழக்கமான பாட்டில் பல்லவி நாலைந்து தடவை வரும், அதனால் அதைத் தேட வேண்டியதில்லை. இவர்கள் முதலில் ஒரு மெட்டைக் காட்டிவிட்டு எடுத்து ஒளித்துவிடுவார்கள். அது மறந்தேபோன நேரத்தில் திரும்பக் கொண்டுவருவார்கள். நடுவில் நாம் பட்ட பாடெல்லாம் அப்போது அந்த மெட்டில் ஏறியிருக்கும். ஆகவே முடிவை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டாலும் பலன் இல்லை.

நீ பாதியில் விட்ட ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி'யையே எடுத்துக்கொள். 1972இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்' தட்டின் இரண்டாம் பக்கத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருக்கும் பாட்டு, மொத்தம் ஏழு பகுதிகள். ஓர் அறைக்குள் இரண்டு காதலர்கள் இருக்க, பீட்டர் கேப்ரியல் மெதுவாகப் பாடத் தொடங்குகிறார். பிறகு போலிச் சாமியார், போர், கோமாளிக்கூத்து என்று பாட்டு எங்கெங்கோ போகிறது. நீ கழன்றுகொண்டது இங்கேதான். ஆறாம் பகுதியில் கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப அடிக்கின்றன. மிருதங்கம் படித்தவள் நீ, கை போட்டுப் பார். அதன்மேல் டோனி பேங்க்ஸ் ஆர்கனில் அந்த ஒன்பதைச் சட்டை செய்யாமல் தன் போக்கில் வாசித்துக்கொண்டே போகிறார். இரண்டும் எங்கே வந்து சேரும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். தனி வாசிப்பாக பேங்க்ஸ் நினைத்து வைத்திருந்த இடத்தில் கேப்ரியல் வரிகளை எழுதிப் பாடிவிட்டார். பேங்க்ஸுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகுதான் அதன் வலு அவருக்குப் புரிந்தது.

அந்த நெருக்கடி உடைந்ததும், மணியோசையோடு காதலர்களின் மெட்டு திரும்பி வருகிறது. அடுத்து வருவது இன்னும் பெரிய விஷயம். இரண்டாம் பகுதியில் போலிச் சாமியாருக்குக் கொடுத்திருந்த மெட்டையே எடுத்து, கடைசிப் பகுதியில் தேவதூதனைப் பற்றிப் பாடுகிறார்கள். முன்பு ஏமாற்றாக ஒலித்த சுரங்கள் இப்போது நிஜமாக ஒலிக்கின்றன. ஆறு நிமிஷத்தோடு எழுந்துபோனவளுக்கு இது எப்படிக் கிடைக்கும்? 1975இல் கேப்ரியல் குழுவைவிட்டுப் போனார். மறுவருஷம் வந்த தட்டின் கடைசி உருப்படி 'லாஸ் எண்டோஸ்'. அது மங்கும் நேரத்தில் குழுவில் இருந்த ஃபில் காலின்ஸ் இந்த முடிவின் வரியைத் தணிந்த குரலில் பாடுகிறார். போன நண்பருக்கு அவர்கள் செய்த மரியாதை.

என்னைக் கேட்டால் முதலிடம் கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்' பாட்டுக்குத்தான். 1974இல் வந்த 'ரெட்' தட்டின் கடைசிப் பாட்டு, பன்னிரண்டு நிமிஷம். மெலோட்ரான் என்ற விசைக்கருவியின் சோகத்தின்மேல் ராபர்ட் ஃபிரிப் கிட்டாரில் ஒரு மெட்டு வாசிக்கிறார், ஜான் வெட்டன் பாடுகிறார். பாடல் வரிகள் முடிந்ததும் எல்லாம் அடங்கி, பேஸ் கிட்டார் பதின்மூன்று எண்ணிக்கையில் ஒரு துண்டைப் பிடித்துக்கொள்கிறது. டிரம்ஸ்காரர் பில் புரூஃபோர்ட் போட்டுக்கொடுத்த துண்டு அது. ஃபிரிப் அதன்மேல் வாசிப்பது ஏறக்குறைய ஒற்றைச் சுரம். இரண்டு தந்திகளில் அதையே மாற்றி மாற்றி மீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுகிறார். நாலு நிமிஷத்துக்கு இந்த ஏற்றம் ஒன்றுதான். 'போதும், இறக்கிவிடு' என்று கத்தத் தோன்றும். பிறகு வேகம் இரட்டித்து, சாக்சபோன் வெறி பிடித்துப் பாய்ந்து, கடைசியில் அந்த முதல் மெட்டு முழுப் பலத்தோடு எழும்புகிறது. முதலில் கேட்டபோது தலை குனிந்திருந்த சோகம் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. அந்த செப்டம்பரில் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார், தட்டு வெளிவந்தது அதற்குப் பிறகு. அதனால் இதைப் பிரியாவிடைப் பாட்டு என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே மேடையில் வாசித்துக்கொண்டிருந்த பாட்டு இது. விடைபெறப் போகிறோம் என்று நினைத்துக் கட்டியதல்ல, அப்படி அமைந்துவிட்டது.

திட்டமே இல்லாமல் அமைந்த முடிவும் உண்டு. எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'லக்கி மேன்' (1970) கிரெக் லேக் பன்னிரண்டு வயதில் எழுதிய எளிய கிட்டார் பாட்டு. கடைசியில் கீத் எமர்சன் புதிதாக வந்த மூக் சிந்தசைசரில் ஒத்திகை என்று நினைத்து எதையோ வாசித்தார். மற்றவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள்.

பாட்டை முடிக்கத் தெரியாதவர்கள்தான் ஒலியைக் குறைத்து மங்கவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தாய். பல பாட்டுகளுக்கு அது உண்மை. ஆனால் யெஸ் குழுவின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்' (1971) பாட்டின் கடைசிப் பகுதியைக் கேள். மூன்றே சுரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்று சேர்ந்து கனக்கிறது. பிறகு ஸ்டீவ் ஹோவின் கிட்டார் இடது காதிலும் வலது காதிலும் மாறி மாறிப் பேசியபடியே மங்கிப்போகிறது. அந்தச் சுற்றுக்கு நிற்கவேண்டிய இடம் என்று ஒன்று இல்லை, நிறுத்தினால்தான் பொய்யாக இருக்கும். மேடையில் ஒலியை அப்படித் தேய்க்க முடியாது, அங்கே அவர்கள் ஒரு முடிவு கட்டியே ஆகவேண்டும். இரண்டு விதமும் கேட்டுப் பார்த்து எது சரி என்று நீயே சொல்.

இந்த வாரம் 'ஸ்டார்லெஸ்' ஒன்று போதும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள், போனைக் கவிழ்த்து வை. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுது, சண்டைக்கு வரமாட்டேன். பன்னிரண்டு நிமிஷமும் ஆனபிறகு எழுது, அவ்வளவுதான்.

மாத்திரையை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
மாமா